மலத்தை எடைபோட்ட சர்ஜன்... நார்ச்சத்து நாயகன் டெனிஸ் பர்கிட்டின் கதை!

சாப்பிட்டுக்கொண்டே போனில் இதைப் படிக்கிறீர்களா? அப்படின்னா ஒரு சின்ன எச்சரிக்கை. இந்தக் கதையில் மலம் வரும். ஒரு தடவை இல்லை, பல தடவை வரும். என்ன செய்வது, இந்தக் கதையின் நாயகன் நாடு நாடாகப் போய், மேடை மேடையாக ஏறி அதைப் பற்றித்தான் பேசினார். டாக்டர்கள் நிறைந்த அரங்கில், ஆப்பிரிக்கக் கிராமங்களின் புதர் ஓரங்களில் தானே எடுத்த மலத்தின் போட்டோக்களை ஸ்லைடு போட்டுக் காட்டுவார்.

அவர் பெயர் டெனிஸ் பர்கிட். இன்று பிஸ்கட் பாக்கெட் முதல் பிரெட் கவர் வரை எதை எடுத்தாலும் 'ஹை ஃபைபர்' என்று அச்சடித்திருக்கிறார்களே, அந்த வார்த்தை நம் கிச்சனுக்குள் நுழைந்ததில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. இதில் வேடிக்கை என்னன்னா, இவர் டயட்டீஷியன் கிடையாது. சர்ஜன். அதுவும் ஒற்றைக் கண் சர்ஜன்.

கல்லடியும் ஒரு கண்ணும்

1911 பிப்ரவரி 28. அயர்லாந்தின் வடக்கே என்னிஸ்கில்லன் என்கிற சிறு ஊரில் பிறந்தார் பர்கிட். அப்பா ஜேம்ஸ் பர்கிட் அரசாங்கத்தில் சர்வேயர். ரோடும் பாலமும் போடுவது அவருடைய வேலை. ஆனால் மனசெல்லாம் பறவைகள் மேல். தோட்டத்துக்கு வரும் ராபின் குருவிகளின் காலில் சின்னச் சின்ன உலோக வளையங்களை மாட்டிவிட்டு, எந்தக் குருவி எந்தப் பகுதியைத் தன் எல்லையாக வைத்திருக்கிறது என்று மேப் போட்டுக்கொண்டிருந்தார். பறவை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்வார்கள். இந்த மேப் விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் அந்தப் பழக்கம் பிற்பாடு மகனுக்கு வேறு மாதிரி கைகொடுத்தது.

டெனிஸுக்கு 11 வயது இருக்கும்போது பையன்களுக்குள் நடந்த சண்டையில் ஒரு கல் பறந்துவந்து அவருடைய மூக்குக் கண்ணாடியில் பட்டது. கண்ணாடி உடைந்து வலது கண் போய்விட்டது. அதன்பிறகு வாழ்நாள் முழுக்க அந்த இடத்தில் செயற்கைக் கண்தான்.

1929-ல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இன்ஜினீயரிங் சேர்ந்தார். கொஞ்ச நாளிலேயே இது நமக்கான பாதை இல்லை என்று தோன்ற, மருத்துவத்துக்கு மாறினார். ஆழமான கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர். டாக்டர் ஆவதைக் கடவுள் தனக்குக் கொடுத்த வேலையாகவே கடைசிவரை நினைத்தார். 1938-ல் சர்ஜனாகத் தகுதி பெற்றார். ஆப்பிரிக்காவில் வேலை செய்ய ஆசைப்பட்டு பிரிட்டிஷ் அரசின் காலனி சர்வீஸுக்கு விண்ணப்பித்தால், ஒற்றைக் கண்ணைக் காரணம் காட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. ராணுவ மருத்துவப் பிரிவு அவரைச் சேர்த்துக்கொண்டு கென்யாவுக்கே அனுப்பியது. போர் முடிந்ததும் மறுபடியும் விண்ணப்பித்தார். 1946-ல் உகாண்டாவில் வேலை கிடைத்தது.

தாடையில் வீங்கிய குழந்தைகள்

உகாண்டாவில் அவர் முதலில் இருந்தது வடக்கே லிரா என்ற இடம். அங்கே விரைவீக்க நோயாளிகள் நிறைய வந்தார்கள். பர்கிட் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் இந்தப் பிரச்னை ரொம்ப அதிகம். மேற்கில் அபூர்வம். வந்தவர்களுக்கு ஆபரேஷன் பண்ணி அனுப்புவதோடு நிறுத்தாமல், எந்த ஊரில் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து அதை எழுதியும் வெளியிட்டார். அப்பா குருவிக்குப் போட்ட மேப்பை மகன் நோய்க்குப் போட ஆரம்பித்தது இங்கேதான் என்று எனக்குத் தோன்றும்.

1948-ல் தலைநகர் கம்பாலாவின் முலாகோ மருத்துவமனைக்கு மாறினார். 1957-ல் ஒருநாள் உடன் வேலைபார்த்த டாக்டர் ஹியூ ட்ரோவெல், ஒரு குழந்தையைப் பார்க்கும்படி அவரைக் கூப்பிட்டார். 5 வயதுப் பையன். மேல் தாடை, கீழ்த் தாடை, இடது, வலது என்று நான்கு மூலையிலும் வீக்கம். பல் ஆடிக்கொண்டிருந்தது. முகமே மாறிப்போயிருந்தது. கிருமித் தொற்று என்றால் ஒரு பக்கம்தான் வீங்கும். கட்டி என்றாலும் ஒரு இடத்தில்தானே ஆரம்பிக்கும்? பர்கிட்டுக்கு எதுவும் புரியவில்லை.

சில வாரம் கழித்து ஜிஞ்சா என்கிற ஊரின் மருத்துவமனைக்குப் போயிருந்தார். தற்செயலாக ஜன்னல் வழியே வெளியே பார்த்தால், புல்தரையில் அம்மா பக்கத்தில் ஒரு குழந்தை. அதே நான்கு மூலை வீக்கம். வயிற்றிலும் கட்டிகள். ஒரு கேஸ் என்றால் விசித்திரம் என்று விட்டுவிடலாம். இரண்டாவதைப் பார்த்தபிறகு விட மனசு வரவில்லை. மருத்துவமனையின் பழைய ரெக்கார்டுகளை எல்லாம் இழுத்துப்போட்டுப் புரட்டினார். தாடையில், வயிற்றில், சிறுநீரகத்தில் என்று வேறு வேறு புற்றுநோயாக எழுதி வைத்திருந்தவை பலவும் ஒரே நோய்தான் என்பது தெரிந்தது. குழந்தைகளை மட்டும் குறிவைத்து, அசுர வேகத்தில் வளர்ந்து, சில மாதத்தில் உயிரை எடுத்துவிடும் நோய். 1958-ல் அதைப் பற்றி எழுதினார். அந்த நிணநீர்ப் புற்றுநோய்க்கு இன்று அவர் பெயர்தான்: பர்கிட் லிம்போமா.

இது எங்கெல்லாம் இருக்கிறது? குழந்தைகளின் போட்டோக்களோடு ஆப்பிரிக்கா முழுக்க உள்ள மருத்துவமனைகளுக்குக் கடிதம் போட்டார். வந்த பதில்களை மேப்பில் புள்ளி வைத்துப் பார்த்தால், பூமத்திய ரேகையை ஒட்டிக் கண்டத்தின் குறுக்கே ஒரு பெல்ட் மாதிரி தெரிந்தது. அந்த பெல்ட்டின் விளிம்பு எங்கே முடிகிறது, ஏன் முடிகிறது என்று நேரில் பார்க்க 1961 அக்டோபரில் கிளம்பினார். கூட இரண்டு டாக்டர் நண்பர்கள். ஒரு பழைய ஃபோர்டு கார். 10 வாரத்தில் சுமார் 16,000 கிலோமீட்டர். வழியெல்லாம் மருத்துவமனை மருத்துவமனையாக நிறுத்தி, போட்டோவைக் காட்டி, இந்த மாதிரி குழந்தை இங்கே வந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டே தென்னாப்பிரிக்கா வரை போய்த் திரும்பினார்கள். கூகுள் ஃபார்ம் இல்லாத காலம் பாருங்கள்!

பதில் கிடைத்தது. குளிரான மலைப் பகுதியிலும், மழை குறைவான வறண்ட பகுதியிலும் இந்த நோய் இல்லை. சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில்தான் இருக்கிறது. அதாவது, ஏறக்குறைய மலேரியா கொசு வாழும் இடம்.

இதற்கு நடுவே 1961 மார்ச்சில் லண்டனில் பர்கிட் ஒரு உரை நிகழ்த்தினார். அதைக் கேட்க வந்த இளம் ஆராய்ச்சியாளர் ஆன்டனி எப்ஸ்டீனுக்கு இதன் பின்னால் ஒரு வைரஸ் இருக்குமோ என்று பொறி தட்டியது. கம்பாலாவிலிருந்து கட்டியின் சாம்பிள்கள் விமானத்தில் லண்டனுக்குப் பறந்தன. இரண்டு வருடம் எதுவும் கிடைக்கவில்லை. 1963 டிசம்பரில் லண்டனில் பனிமூட்டம். சாம்பிள் வந்த விமானத்தை மான்செஸ்டருக்குத் திருப்பிவிட்டார்கள். தாமதமாக வந்துசேர்ந்த பாட்டிலில் திரவம் கலங்கிக் கிடந்தது. பாக்டீரியா புகுந்து கெட்டுவிட்டது என்று தூக்கிப்போட்டிருக்கலாம். எப்ஸ்டீன் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். கட்டியிலிருந்து குலுங்கிப் பிரிந்த செல்கள் உயிரோடு மிதந்துகொண்டிருந்தன! அந்த செல்களை வளர்த்து, 1964-ல் வைரஸைக் கண்டுபிடித்தார்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸ். மனிதர்களின் புற்றுநோயோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்ட முதல் வைரஸ் அதுதான்.

பர்கிட் உகாண்டாவில் அந்தக் குழந்தைகளுக்கு அப்போது புதிதாக வந்திருந்த கீமோதெரபி மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். சில குழந்தைகள் சில டோஸிலேயே முழுசாகக் குணமானார்கள். புற்றுநோய் என்றால் கத்தியும் கதிர்வீச்சும்தான் என்றிருந்த காலத்தில் அது பெரிய விஷயம். 1972-ல் இதற்காக லாஸ்கர் விருது வந்தது.

சராசரி ஆளாக இருந்தால் இதோடு ஓய்வெடுத்திருப்பார். நம்ம ஆள் 55 வயதுக்கு மேல்தான் மலத்தைக் கையில் எடுத்தார்.

தவிட்டு மூட்டையோடு வந்த கேப்டன்

1966-ல் பர்கிட் குடும்பத்தோடு பிரிட்டனுக்குத் திரும்பினார். அடுத்த வருடம் பீட்டர் கிளீவ் என்கிற ஓய்வுபெற்ற கடற்படை டாக்டரைச் சந்தித்தார். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவிய ரிச்சர்ட் டால்தான் அறிமுகம் செய்துவைத்தது.

கிளீவ் ஒரு சுவாரஸ்யமான ஆள். போர்க்காலத்தில் கிங் ஜார்ஜ் ஃபைவ் என்ற போர்க்கப்பலில் டாக்டராக இருந்தார். புதுக் காய்கறி கிடைக்காமல் மாலுமிகளுக்கு மலச்சிக்கல். கிளீவ் கோதுமைத் தவிட்டை மூட்டையாகக் கப்பலில் ஏற்றினார். மாலுமிகளுக்குத் தினமும் தவிடு. பிரச்னை தீர்ந்தது. அதிலிருந்து, மேலைநாட்டு நோய்கள் பலவற்றுக்கும் சர்க்கரையும் வெள்ளை மாவுமே காரணம் என்று எழுதிக்கொண்டே இருந்தார். மருத்துவ உலகம் அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

பர்கிட்டுக்கு மட்டும் கேட்கக் கேட்க ஆச்சர்யம். கிளீவ் பட்டியல் போட்ட நோய்களைப் பாருங்கள்: குடல்வால் அழற்சி, பித்தப்பைக் கல், பெருங்குடல் சுவரில் பை பையாகப் புடைக்கும் நோய், மூலம், பெருங்குடல் புற்றுநோய். பிரிட்டனில் ஒரு சர்ஜனுக்கு இவைதான் தினசரி வேலை. கிட்டத்தட்ட 20 வருடம் ஆப்பிரிக்காவில் கத்தி பிடித்தபோது இவற்றில் பலவற்றை அவர் அபூர்வமாகத்தான் பார்த்திருந்தார். கண்ணெதிரே இருந்தும் ஒருநாள்கூட ஏன் என்று கேட்டுக்கொண்டதில்லை.

இனிமேல் என்ன, பழைய டெக்னிக்தான். ஆப்பிரிக்காவின் கிராமப்புற மருத்துவமனைகளோடு ஏற்கெனவே கடிதத் தொடர்பு இருந்ததே. உங்களிடம் போன மாதம் எத்தனை அப்பெண்டிக்ஸ் கேஸ், எத்தனை பித்தக்கல் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். பதில்கள் ஒரே திசையைக் காட்டின. கிராமத்து உணவு சாப்பிடுகிறவர்களிடம் இந்த நோய்கள் குறைவு. நகரத்துக்கு வந்து உணவு மாறினால் ஒவ்வொன்றாக வருகின்றன.

கிளீவ் சர்க்கரை சேர்ந்ததைக் குற்றம் சொன்னார். பர்கிட் கேள்வியைத் திருப்பிப் போட்டார். உணவிலிருந்து போனது என்ன? 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் உருளை இயந்திர மாவு மில்கள் வந்தன. தவிட்டை மொத்தமாக நீக்கி, வெள்ளை வெளேர் என்று மாவு கொடுத்தன. அந்தத் தவிடோடு போனது நார்ச்சத்து. சத்தே இல்லாத சக்கை என்று விஞ்ஞானிகளே ஒதுக்கிய பொருள். (முன்பு தாடை வீங்கிய பையனைக் காட்டக் கூப்பிட்டாரே ஹியூ ட்ரோவெல், அவர் இடையில் பாதிரியாராகிவிட்டிருந்தார். இந்த ஆராய்ச்சிக்காக மறுபடி வந்து சேர்ந்தார். உணவு நார்ச்சத்து என்றால் என்ன என்று 1972-ல் வரையறை கொடுத்தது அவர்தான்.)

25 மணிகளும் ஒரு தராசும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். சாப்பாட்டை வைத்துவிட்டீர்களா?

சாப்பிட்டது உள்ளே போய் வெளியே வர எவ்வளவு நேரம் ஆகும்? எவ்வளவு வெளியே வரும்? கேட்டால் சின்னக் குழந்தையின் கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் நாட்டுக்கு நாடு ஒப்பிட்டு யாரும் ஒழுங்காக அளக்கவில்லை. பர்கிட், தென்னாப்பிரிக்காவின் அலெக் வாக்கர், லண்டன் சர்ஜன் நீல் பெயின்டர் மூவரும் சேர்ந்து அளந்தார்கள். எக்ஸ்-ரேயில் தெரியக்கூடிய குட்டிக் குட்டி பிளாஸ்டிக் மணிகளை ஆட்கள் விழுங்க வேண்டும். அதன்பிறகு போகும் மலத்தை எல்லாம் பையில் பிடித்துக் கொடுக்க வேண்டும். எடைபோட்டு, எக்ஸ்-ரே எடுத்து, எந்த மணி எப்போது வெளியே வந்தது என்று எண்ண வேண்டும்.

1972-ல் லான்செட் இதழில் வந்த முடிவு இது. பிரிட்டிஷ் கடற்படைக் குடும்பங்களில் ஒரு நாளின் மலம் சராசரியாக 104 கிராம். உள்ளே போனது வெளியே வர 83 மணி நேரம். மூன்று நாளுக்கும் மேல்! உகாண்டா கிராமத்து ஆட்களுக்கு 470 கிராம். நேரம் 36 மணிக்குள். கிட்டத்தட்ட நாலரை மடங்கு அதிகம், பாதிக்கும் குறைவான நேரத்தில்.

பர்கிட்டின் விளக்கம் எளிமையானது. நார் தண்ணீரை இழுத்துப் பிடித்து மலத்தைப் பெரிதாக, மென்மையாக வைக்கிறது. அது வேகமாக நகரும். நார் இல்லாவிட்டால் கெட்டியாகி மெதுவாக ஊர்ந்து போகும். அப்போது குடலில் உள்ள தீய பொருள்கள் குடல் சுவரோடு அதிக நேரம் உரசிக்கொண்டிருக்கும். முக்கி முக்கிப் போவதால் வயிற்றில் அழுத்தம் கூடி மூலமும் வரலாம், காலில் நரம்புச் சுருட்டலும் வரலாம் என்றார். குந்தி உட்காரும் டாய்லெட்டே நல்லது என்பதும் அவர் கட்சி.

இதை ஜர்னலில் எழுதிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஸ்லைடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போனார். அந்த ஸ்லைடுகளில் ஒரு கார்ட்டூன் ரொம்பப் பிரபலம். குழாய் திறந்தே கிடக்கிறது. தொட்டி நிரம்பித் தரையெல்லாம் தண்ணீர். இரண்டு டாக்டர்கள் மாய்ந்து மாய்ந்து தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். குழாயை மூட யாருக்கும் தோன்றவில்லை. வாழ்நாள் எல்லாம் ஆபரேஷன் பண்ணின ஒருவர் தன் இனத்தையே இப்படிக் கிண்டல் பண்ணுவதற்குத் தைரியம் வேண்டும், இல்லையா?

1979-ல் உணவில் நார்ச்சத்தை மறக்க வேண்டாம் என்கிற தலைப்பில் சாதாரண மக்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். பிய்த்துக்கொண்டு விற்றது. மாட்டுக்குப் போட்ட தவிட்டை மனிதர்கள் காசு கொடுத்து வாங்கிக் காலையில் கிண்ணத்தில் போட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

எல்லாம் சரியாகச் சொன்னாரா?

இல்லை. ரசிகனாக இருந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆகணும். பர்கிட் நம்பியது மருத்துவமனைக் கணக்குகளை. கிராமத்தில் எத்தனையோ பேர் மருத்துவமனைக்கே வராமல் இறந்துபோவார்கள். அங்கே வயதானவர்களும் குறைவு. பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. இவை எல்லாம் கணக்கைக் கொஞ்சம் சாய்த்திருக்கும். அந்தக் கிராமத்து ஆட்கள் இறைச்சி குறைவாகச் சாப்பிட்டார்கள், நிறைய நடந்தார்கள். எல்லாப் பெருமையையும் நாருக்கே கொடுப்பது கொஞ்சம் ஓவர்தான். நரம்புச் சுருட்டல் விஷயத்தில் அவர் சொன்னதற்கு வலுவான ஆதாரம் இல்லை. குடலில் பை புடைப்பதைப் பற்றியும் பிற்பாடு வந்த சில ஆய்வுகள் அவருக்கு எதிராகப் போயின.

2000-ம் ஆண்டில் பெரிய இடி. அமெரிக்காவில் பெருங்குடலில் கட்டி எடுத்தவர்களை வைத்து இரண்டு பெரிய ஆய்வுகள். ஒன்றில் கோதுமைத் தவிடு கொடுத்தார்கள். இன்னொன்றில் கொழுப்பைக் குறைத்துப் பழம், காய்கறி, நார் அதிகமாகக் கொடுத்தார்கள். மூன்று நான்கு வருடம் பார்த்தும், புதுக் கட்டிகள் வருவது குறையவில்லை. பர்கிட் கதை முடிந்தது என்றே பலர் எழுதினார்கள். அதைக் கேட்க அவர் இல்லை. 1993 மார்ச் 23-ல், 82 வயதில் இங்கிலாந்தின் குளோஸ்டரில் காலமாகியிருந்தார்.

ஆனா கதை முடியலை. 2019-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக நியூசிலாந்து விஞ்ஞானிகள் 185 நீண்டகால ஆய்வுகளையும் 58 பரிசோதனைகளையும் ஒன்றுசேர்த்து அலசினார்கள். நார் மிகக் குறைவாகச் சாப்பிடுகிறவர்களோடு ஒப்பிட்டால், அதிகமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், டைப் 2 சர்க்கரை நோய், பெருங்குடல் புற்றுநோய் ஆகியவற்றின் ஆபத்து 15 முதல் 30 சதவிகிதம் வரை குறைவாக இருந்தது. ஒரு நாளைக்கு 25 முதல் 29 கிராம் வரை சாப்பிட்டவர்களுக்கு நல்ல பலன். பர்கிட் கை காட்டிய திசை சரி, காரணம்தான் பாதி சரி.

மீதிப் பாதி என்ன? நம் குடலில் வாழும் பாக்டீரியா. நாரை நம்மால் செரிக்க முடியாது. பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்களுக்கு அதுதான் சாப்பாடு. அவை நாரைப் புளிக்கவைத்து பியூட்ரேட் போன்ற அமிலங்களை உண்டாக்கும். பெருங்குடல் செல்களுக்கு முக்கியமான எரிபொருளே அந்த பியூட்ரேட்தான். பர்கிட் எடையையும் வேகத்தையும் பார்த்தார். உள்ளே நடந்த சமையல் அவருக்கு அவ்வளவாகத் தெரியாது.

2015-ல் வெளியான ஒரு சோதனையைக் கேளுங்கள். பெருங்குடல் புற்றுநோய் அதிகம் வரும் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் 20 பேர். அது அபூர்வமாக வரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர்கள் 20 பேர். இரண்டே வாரத்துக்குச் சாப்பாட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். கிராமத்தவர்களுக்கு பர்கர், பிரெஞ்ச் ஃப்ரைஸ். அமெரிக்கர்களுக்குச் சோளம், பயறு, பழம் என்று நாளுக்கு 55 கிராம் நார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அமெரிக்கர்களின் குடலில் அழற்சி குறைந்து, பியூட்ரேட் இரண்டரை மடங்கு கூடியிருந்தது. கிராமத்தவர்களுக்கு அது பாதியாகக் குறைந்திருந்தது.

சரி, உங்க தட்டுக்கு வருவோம். பெரியவர்களுக்குத் தினமும் குறைந்தது 25 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஒரு கிராம் நார்கூட இருக்காது. வெந்த கொண்டைக்கடலையில் 7 கிராம் போல இருக்கும். கொய்யாவில் 5 கிராமுக்கு மேல். நைட்டு சுண்டல் ஊறவைத்தால் வேலை பாதி முடிந்த மாதிரிதான். ஆனால் நாளைக்கே 25-க்குத் தாவாதீர்கள். வயிறு உப்பி, கேஸ் பிடித்து, பர்கிட்டைத் திட்டுவீர்கள். வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தண்ணீரும் சேர்த்துக் குடியுங்கள். குடலில் அடைப்போ வேறு நோயோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது. ஜூஸ் வேண்டாம், பழமாகவே கடியுங்கள். வடிகட்டியில் தங்கிவிடும் அந்தச் சக்கைக்காகத்தான் ஒரு மனுஷன் இத்தனை வருடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்.